கதவைச் சாத்தச் சொன்ன மகனுக்கு

மகனே,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நான் கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது நேற்று சாயங்காலம் பின்னறையில் கம்ப்ரஸர் ஓடிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. உன் குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வந்து முழுசாக மூன்று நாள் ஆகவில்லை. உன் பெண்டாட்டி அதைத் தூக்கிக்கொண்டு மணவூருக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உன் அம்மாவும் அவளோடு போய்விட்டாள். இந்த வீட்டில் இப்போது இருப்பது நீயும் நானும்தான். அப்படியிருக்க, ஒன்றுமே நடக்காதவனைப் போல நீ ஜன்னலைச் சாத்தி, லேக்கரைக் கலக்கி, கொக்கியில் தொங்குகிற அந்தக் கிட்டார்க் கட்டைக்கு இன்னொரு பூச்சு அடித்துக்கொண்டிருந்தாய். நான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து உன்னை அறைந்திருப்பேன். அதற்குத் தெம்பு இன்னும் இருக்கிறது, தகுதிதான் இல்லை. ஏன் இல்லை என்பதையும் இதில் எழுதத்தான் போகிறேன்.

இன்று ஞாயிறு. நீ சபையில் ஆராதனைக்கு பேஸ் கிட்டார் வாசிக்கப் போயிருக்கிறாய். நான் போகவில்லை. உடம்பு நன்றாக இருந்தும் நான் ஆராதனைக்குப் போகாத ஞாயிறு எனக்கு நினைவு தெரிந்து இது ஒன்றுதான். உனக்கு எதிரில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாட என்னால் ஆகாது. பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீ எழுந்து போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன். எழுதி உன் வேலை மேஜையில் உப்புத்தாள் கட்டின் மேல் வைக்கப் போகிறேன். உறை போடவில்லை. நீ வருவதற்குள் இந்தக் கிட்டாரைச் செய்யச் சொன்ன அரக்கோணத்துப் பையன்கள் வந்து படித்தால் படிக்கட்டும். அவர்கள் தோளில் மாட்டிக்கொள்ளப் போகிற பளபளப்பு இந்த வீட்டில் எப்படி வந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நீ இந்த வேலைக்கு வந்த கதையை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அதை இப்போது எழுதும்போது வாய் கசக்கிறது. பத்தொன்பது வயதில், பேஸ் வாசிக்க ஆளில்லை என்று சபையில் உன்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நாலே கம்பி, தடித்த சத்தம், பாட்டுக்கு அடியில் போகிற சத்தம், நிறுத்தினால்தான் அது இருந்ததே தெரியும் என்று எனக்குச் சொன்னவன் நீ. அந்த இரவல் கிட்டாரை ஒருநாள் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "நைனா, இது வெறும் கட்டைதான். நாமளே செய்யலாம்" என்றாய். சபையில் கால் உடைந்து கிடந்த ஒரு தேக்குப் பெஞ்சைக் கேட்டு வாங்கி வந்தேன். அதை அறுத்து, இழைத்து, தேய்த்து நீ செய்த முதல் கிட்டார் அம்மிக்கல் மாதிரி கனத்தது. வாசித்தவன் ஒரு வாரம் தோளைத் தடவிக்கொண்டு திரிந்தான். இரண்டாவது கொஞ்சம் இளைத்தது. ஏழாவதை வாங்கிப் போகச் சென்னையிலிருந்து கார் வந்து நம் வாசலில் நின்றபோது, பக்கத்து வீடுகளில் எல்லாரும் பார்க்கிறார்களா என்று நான் பார்த்தேன்.

மரவேலை வரைக்கும் எனக்குப் புகார் கிடையாது. மரத்தூளைப் பெருக்கினால் போய்விடும். பிறகுதான் லேக்கர் வந்தது. பிரஷில் வார்னிஷ் தடவினால் கோடு தெரிகிறது, கடைக் கிட்டார் மாதிரி கண்ணாடியாக வரவில்லை என்று கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கினாய். லேக்கரில் தின்னரை ஊற்றி மோர் போல நீர்க்கக் கலக்கி, கட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கை ஒரே சீராகப் போக அடிப்பாய். காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பாய். மறுபடியும் அடிப்பாய். ஒரு கிட்டாருக்கு இப்படிப் பத்துத் தடவை. மழைக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். ஈரம் காய்வதற்குள் தூசி விழுந்தால் பரு மாதிரி நிற்கும். ஒரே ஒரு பரு வந்தாலும் அன்றைக்கு நீ சாப்பிட மாட்டாய். அதை நான் சிரத்தை என்று நினைத்தேன். நம் வீடோ கே.ஜி.கண்டிகை போகிற சாலையில் இருக்கிறது. பஸ்ஸும் ஆட்டோவும் கல் லாரியும் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே உன் உலகத்தில் தூசியைத் தவிர வேறு எதிரியே இல்லாமல் போய்விட்டது. பின்னறை ஜன்னலுக்கு பிரவுன் டேப் ஒட்டினாய், தரையில் தண்ணீர் தெளித்தாய், கதவுக்குக் கீழே நனைத்த கோணியைச் செருகினாய். தூசி நுழையாத அறையில் காற்றும் நுழையாது என்று நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

எனக்குத் தோன்றியது வேறு. முப்பத்து நாலு வருஷம் மின்கம்பத்தில் ஏறிப் பிழைத்தவன் நான். அந்த அறை சமையலறையாக இருந்த காலத்தில் நானே மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று சுவரில் இருந்தது. தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் சாதாரண மோட்டார் ஒரு பொறி விட்டால் போதும், கூரையே பறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னேன். "எனக்கும் அது வேணாம் நைனா. அது ஓடினா எல்லா இடுக்குலயிருந்தும் தூசிய இஸ்துகினு வருது" என்றாய். நான் நெருப்புக்குப் பயந்து கழற்றச் சொன்னேன், நீ தூசிக்குப் பயந்து சரி என்றாய். இரண்டு பேரும் ஏணி வைத்து அதைக் கழற்றினோம். நான் ஒயரை வெட்டி முனையில் டேப் சுற்றினேன். நீ ஓட்டையில் தெர்மாகோலை அளவெடுத்து வெட்டி அடைத்தாய். வேலை முடிந்து ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம். அப்பனும் மகனும் சண்டை போடாமல் ஒரு வேலையைச் செய்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று உன் அம்மா சிரித்தாள். அந்த ஃபேன் போன பிறகு மூச்சு விடுவதற்கு என்ன வழி என்று நான் கேட்கவில்லை. தெரிந்தவர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கரண்ட் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்குமா என்ற திமிர், கேட்கவில்லை.

இந்த வீட்டில் புத்தியோடு இருந்தவள் எஸ்தர் ஒருத்திதான். உன்னைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷமாகிறது, ஒரு வார்த்தை அதிகம் பேசாத பெண். அவள் என்னிடம் வந்து, "மாமா, கண்ணு எரியுதுங்க. சாயங்காலம் ஆனா தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. பாப்பாவும் சரியா சாப்பிட மாட்டேங்குது" என்று மூன்று தடவை சொன்னாள். உன்னிடம் எத்தனை தடவை சொன்னாளோ. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வாசனைதானேம்மா, போகப் போகப் பழகிடும்" என்றேன். வந்த மருமகள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்ள வேண்டும், நம் வீட்டுத் தண்ணீருக்கு, நம் வீட்டுக் காரத்துக்கு, மாமியார் பேச்சுக்கு, அந்த வரிசையில் தின்னருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவள் தானாகவே விசாரித்து உனக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கி வந்தாள், ஆவியை வடிகட்ட இரண்டு பக்கமும் வட்டமாக டப்பி வைத்தது. ஒரு தரம் போட்டாய். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று ஆணியில் மாட்டினாய். அடுத்த வாரம் பார்த்தால் அதை மல்லாக்க வைத்து, கிட்டார் திருகாணிகளைப் போட்டு வைத்திருக்கிறாய். தாங்க மாட்டாமல் அவள் ஒருநாள் ஜன்னல் டேப்பைக் கிழித்துத் திறந்துவிட்டாள். "எட்டு நாள் வேலைய ஒரு நிமிசத்துல கெடுத்துட்டியே!" என்று நீ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. விழுந்த தூசியை முந்தானையால் துடைக்க வந்தாள், அதற்கும் "தொடாத" என்று கத்தினாய். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனபோதும் நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆடிக் கிருத்திகை. விடிவதற்கு முன்பே சாலை கொள்ளாத கூட்டம். மஞ்சள் துணியும் மொட்டைத் தலையும் காவடியுமாக மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் செய்கிறாற்போல உன் அம்மா வாசலில் ஸ்டூல் போட்டு, போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வருஷத்தின் மொத்தத் தூசியும் அன்றைக்குக் கிளம்பியிருந்தது. போதாக்குறைக்கு மேகமூட்டம் வேறு. புத்தி உள்ளவன் அன்றைக்கு ஸ்ப்ரே அடிப்பானா? நீ அடித்தாய். அரக்கோணத்துப் பையன்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய். இருந்த டேப் போதாதென்று கதவு இடுக்குக்கும் உள்ளேயிருந்து ஒட்டினாய். பின்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. சாலைப் பக்கம் இருந்த அத்தனை ஓட்டையையும் அடைத்த நீ, அதை மட்டும் விட்டுவிட்டாய். வீட்டுக்குள்ளிருந்து தூசி வராது என்பது உன் கணக்கு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் உன் மகளுக்குத் தூளி கட்டியிருக்கிறது. அறையில் சேர்ந்த அத்தனை ஆவிக்கும் வெளியேற இருந்த ஒரே வழி அந்தத் தூளிக்கு மேலே இருந்தது.

பதினொன்றரை மணிக்கு எஸ்தர் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் கொல்லையில் துணி துவைக்கப் போனாள். ஒன்றரை வயதுக் குழந்தை, முக்கால் மணியில் எழுந்து ஊரைக் கூட்டும். ஒரு மணி ஆகியும் சத்தமில்லை. "இன்னிக்கு நல்லா தூங்குது அத்தை" என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனவள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். குழந்தையின் கை தொங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்து, கண் பாதி திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் உன்னிடம்தான் ஓடினாள். உன் கதவை முட்டித் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். நீ கையில் ஸ்ப்ரே கன்னைப் பிடித்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாய். "என்னாங்க, பாப்பா எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள். நீ திரும்பாமலே சொன்னாய்: "கதவ சாத்து, தூசி வருது."

கம்ப்ரஸர் சத்தத்தில் அவள் சொன்னது காதில் விழவில்லை என்று அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். விழாமல் இருந்திருக்கலாம், நான் நம்புகிறேன். ஆனால் கதவு திறந்தது தெரிந்ததே. உன் மனைவி வந்து நிற்பது தெரிந்ததே. அப்போது உன் வாயில் "இன்னாம்மா?" என்று ஒரு வார்த்தை வரவில்லையே. வந்தது அந்த நாலு வார்த்தை. அவள் கதவைச் சாத்தினாள், மகனே. நீ சொன்னபடியே சாத்திவிட்டுத்தான் தெருவுக்கு ஓடினாள்.

வாசலில் ஆட்டோ இருந்தது, போக வழி இல்லை. அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நான் நடந்தேன், அறுபத்தோரு வயதில் அது ஓட்டமா நடையா தெரியவில்லை. மேலிருந்து கீழே வரைக்கும் ஜனம். காவடி தூக்கி வந்த ஒரு ஆள் என்னைப் பார்த்தார், குழந்தையின் தலை தொங்குவதைப் பார்த்தார். தோளில் காவடியோடு அப்படியே ரோட்டோரம் ஒதுங்கித் தெலுங்கில் ஒரு சத்தம் போட்டார். அவருக்கு முன்னால் போனவர்கள் ஒதுங்கினார்கள். "வழி விடுங்கப்பா, கொயந்தைங்க, கொயந்த!" என்று ஒரு மொட்டையடித்த அம்மாள் எனக்கு முன்னால் ஓடினாள். யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறதோ என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் நேராக வழி கிடைத்தது.

இப்போது என் தகுதியைப் பற்றி. டாக்டர் சின்ன வயதுப் பெண். குழந்தையின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, "கொழந்த இருந்த எடத்துல மண்ணெண்ணெய், பெயிண்ட், தின்னர் ஏதாவது இருந்துச்சாங்க?" என்று கேட்டார். உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. போலீஸ் கேஸ் ஆகுமோ, பேப்பரில் போடுவானோ, சபையில் என்ன சொல்வார்கள் என்று ஒரே நொடியில் எல்லாம் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காலைல கூட்டத்துல யாரோ இன்னமோ குடுத்தாங்க, அத தின்னுச்சு போல" என்றேன். எனக்கு வழி விட்ட ஜனங்கள் மேல் பழியைப் போட்டேன். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, நீங்க சும்மா இருங்க" என்றாள். பிறகு டாக்டரிடம், "தின்னருங்க. பக்கத்து ரூம்புல ஸ்ப்ரே அடிச்சிகினு இருந்தாரு, ஜன்னல் எல்லாம் சாத்தி இருந்துச்சு" என்றாள். உடனே குழந்தையை உள்ளே எடுத்துப் போய் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் அந்த டாக்டர் என்னிடம், "நீங்க சொன்னத நம்பியிருந்தா வயித்துக்கு வைத்தியம் பாத்து நேரத்த விட்டிருப்போம் ஐயா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீ கதவைச் சாத்தச் சொன்னாய், நான் டாக்டரின் கண்ணைக் கட்டப் பார்த்தேன். நீயாவது கேட்காமல் செய்தாய், நான் கேட்டுக்கொண்டே செய்தேன்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தது எப்போது? முக்கால் மணி நேரம் கழித்து. அம்மா வந்து கதவை இடித்து விஷயத்தைச் சொன்ன பிறகும் உடனே வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஸ்ப்ரே கன்ன கழுவாம வெச்சா அடச்சிக்கும் நைனா" என்றாய். தின்னரை ஊற்றி, கன்னின் மூக்கைக் கழற்றி, ஊசியைத் துடைத்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறாய். பதற்றத்தில் கை தானாகப் பழகிய வேலையைச் செய்திருக்கும் என்று உன் அம்மா உனக்காகப் பரிந்து பேசினாள். அப்போது பேசினாள். வியாழக்கிழமை குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னபோது, எஸ்தர் நேராக ஸ்டேஷனுக்கு ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள். உன் அம்மா அவளைத் தடுப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "நீங்க ரெண்டு பேரும் அந்த கட்டைய கட்டிகினு அழுங்க. நான் கொயந்த கூட போறேன்" என்றாள். நாற்பது வருஷமாக என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை.

உன்னை இப்படி ஆக்கியது யார் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்த்தேன். நீ நாலாவது படிக்கும்போது ஒரு புயல் மழையில் கையுறை இல்லாமல் கம்பம் ஏறி, என் வலது கையில் இரண்டு விரல் கருகி மடங்கிப் போனது. அதிலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன்? ஒன்றும் இல்லை. கட்டு பிரித்த மறுநாளே டீக்கடையில் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "கையுறை போட்டா ஒயரு கைக்குத் தெரியாது. அதெல்லாம் பயந்தவன் போட்டுக்கறது" என்று சொல்லிச் சிரித்தேன். என்னோடு வேலை செய்த ஒருவன் பெல்ட் மாட்டாமல் ஏற மாட்டான், அவனை வீட்டுக்கு வந்தும் கேலி செய்வேன். நீ சிரிப்பாய். உன் மாஸ்க்கில் திருகாணி கிடப்பதைப் பார்த்தபோது நான் உன்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை, சொல்லட்டுமா? உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, பையன் என்னைப் போலவே இருக்கிறான் என்று. உனக்கு என்ன ஆனாலும் அது உன் நுரையீரல், உன் பாடு என்று இருவருமே இருந்தோம். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கும் அதே மூச்சுதான் என்பது நம் வீரத்தில் சேரவில்லை.

ஆனால் இதையெல்லாம் சொல்லி உன்னை விட்டுவிட மாட்டேன். நான் செய்த தப்புக்கு நான் போய் நிற்கிறேன், நீ செய்ததற்கு நீதான் நிற்க வேண்டும். இன்று காலை நீ போன பிறகு பின்னறைக்குப் போனேன். ஜன்னலில் இருந்த டேப் அத்தனையும் கிழித்தேன். ஃபேன் ஓட்டையில் இருந்த தெர்மாகோலை உடைத்து எடுத்தேன். கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அந்த அறைக்குப் போகிற லைனை மெயினிலிருந்தே வெட்டிவிட்டேன். அதை எப்படி மறுபடி சேர்ப்பது என்று உனக்குத் தெரியாது, தெரிந்தவன் எவனும் நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டு மெயினில் கை வைக்க மாட்டான். நீ நேற்று அடித்த பூச்சின் மேல் காலையிலிருந்து தூசி விழுந்துகொண்டிருக்கிறது. ஆமாம், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மூன்று லாரி போனது. நீ கத்த வேண்டும் என்றால் என்னிடம் கத்து, நான் எஸ்தர் இல்லை.

வேலையை விடச் சொல்லவில்லை. உன் கையில் வேலை இருக்கிறது, அதை இல்லை என்று சொன்னால் டாக்டரிடம் பொய் சொல்லிப் பட்ட பிறகும் எனக்கு இன்னும் புத்தி வரவில்லை என்று அர்த்தம். கே.ஜி.கண்டிகையில் நம் நிலத்தில் மோட்டார் கொட்டகை இருக்கிறது, நாலு பக்கமும் திறந்த வெளி. சுற்றி அரை பர்லாங்குக்கு ஒரு வீடு கிடையாது. அங்கே கொண்டுபோய் அடி. மாஸ்க்கைச் சோப்பு போட்டுத் துடைத்து, புது டப்பி வாங்கி மாட்டி, போட்டுக்கொண்டு அடி. மூக்குக்கண்ணாடி மங்கினால் நிறுத்தித் துடை. தூசி விழும், பூச்சி வந்து ஒட்டும். விழட்டும். காயவிட்டுத் தேய், மறுபடி அடி, அதற்கும் மேல் பரு நின்றால் வாங்குகிறவனிடம் இது வயலில் செய்தது என்று சொல். மழை நாளில் அடிக்காதே. வாக்குக் கொடுக்கும்போது மழையையும் திருவிழாவையும் கணக்கில் வைத்துக் கொடு. அரக்கோணத்துப் பையன்கள் ஒரு மாசம் இரவல் கிட்டாரில் வாசித்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் மத்தியான லோக்கல் வண்டியில் மணவூருக்குப் போகிறேன். எஸ்தரைக் கூட்டி வரப் போகவில்லை. வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் வீட்டார் முன்னால், அவள் அம்மா அப்பா கேட்க, டாக்டரிடம் நான் சொன்ன பொய்யைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பழகிடும் என்று சொன்னதற்கும் சேர்த்து. வருவதும் வராததும் அவள் இஷ்டம். அவள் வராவிட்டால் இந்த வீட்டில் உன் மகள் தவழ்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நாம் இரண்டு கிழவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நீயும் வருவதாக இருந்தால் வா. வந்தால் காதில் விழவில்லை என்று ஆரம்பிக்காதே. அந்த நாலு வார்த்தையை நீயே உன் வாயால் அவளிடம் சொல்லி, நான்தான் சொன்னேன் என்று சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன்னிடம் யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழந்தை கண் விழித்ததும் நீ ஓடிப்போய் அதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாய். அது உன் கழுத்தில் முகம் வைத்த உடனே உன் மேலேயே வாந்தி எடுத்தது. உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று நீ அழுதாய். நீ வெளியே போனதும் நர்ஸ் என்னிடம் வந்து, "அவரு சட்டையில தின்னர் வாடை குப்புனு அடிக்குதுங்க. மாத்திகினு வந்து கொயந்தைய தொடச் சொல்லுங்க" என்றாள். அந்த நேரத்தில் உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு ஏதோ சாக்குச் சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் நீ இன்னொரு வேலைச் சட்டையில் வந்தாய், அதிலும் அதே வாடை, குழந்தை உன்னைப் பார்த்ததும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. உனக்குக் கோபம் வந்தது, இந்த வயசுக் குழந்தைக்கு அப்பனை மறந்து போகுமா என்று கேட்டாய். அது மறக்கவில்லை. உன்னை அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வண்டி ஒன்றே காலுக்கு. தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு வா. நகத்தை வெட்டிவிட்டு வா. துவைத்த சட்டை பீரோவில் இருக்கிறது, அதை எடுப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவு.

உன் நைனா